அங்க கடல் இல்லையாமே?

பொலிவியா போகப் போறேன்னு வீட்டுல சொன்ன அன்னைக்கு, அப்பா பேப்பரை மடிச்சு வெச்சுட்டு கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அங்க கடல் இல்லையாமே?"

அப்பாவுக்கு 74 வயசு. திருவான்மியூர்ல முப்பது வருஷமா காலையில அஞ்சரைக்கு பீச்சுக்கு நடந்து போய்ட்டு வர்றவர். புயல் சின்னம்னு ரேடியோவுல கத்தினாலும் "சும்மா எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்"னு செருப்பை மாட்டறவர். கடல் இல்லாத ஊருன்னா அவருக்கு அடுப்படி இல்லாத வீடு மாதிரி.

"இல்லப்பா. சுத்தி அஞ்சு நாடு. பிரேசில், பராகுவே, அர்ஜென்டினா, சிலி, பெரு. நடுவுல இது மாட்டிக்கிட்டு இருக்கு."

"அப்புறம் அங்க போய் என்னத்தைப் பார்ப்ப?"

(அடுத்த ஒரு மாசத்துல இதே கேள்வியை ஆபீஸ்ல நாலு பேர், அபார்ட்மெண்ட் லிஃப்ட்ல ரெண்டு பேர், ஒரு கல்யாணப் பந்தியில ரசம் ஊத்த வந்தவர் உட்பட மூணு பேர் கேட்டுட்டாங்க. ரசக்காரர் மட்டும்தான் பதில் கேக்க நின்னார்.)

தென் அமெரிக்காவுல கடற்கரை இல்லாத நாடு ரெண்டே ரெண்டு. பொலிவியா, பராகுவே. நான் ஏன் பொலிவியாவைப் பிடிச்சேன்னா, உயுனிங்கற உப்புப் பாலைவனத்து போட்டோ. தரையில ஒரு வானம், மேல ஒரு வானம், நடுவுல ஒரு ஜீப்பு. அதை 2 வருஷமா மொபைல்ல வால்பேப்பரா வெச்சுக்கிட்டு சுத்திட்டு இருந்தேன். "ஒண்ணு போய்ட்டு வாங்க, இல்ல படத்தை மாத்துங்க"ன்னு என் மனைவி தங்கமணி ஒரு நாள் சொல்லிட்டாங்க. (அவங்களும் வர்றாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.)

சரி, ப்ளானுக்கு வருவோம். எரிச்சல் ஆரம்பிச்ச இடத்துலேர்ந்து சொல்றேன்.

ஒரு டிராவல் ஏஜென்டைக் கேட்டேன். மறுநாளே வாட்ஸ்அப்ல பிடிஎஃப் வந்துச்சு. ஏழு நாள், ஆறு இரவு. அட்டையில பெங்குவின் படம். (பொலிவியாவுல பெங்குவினா? சரி, விடுங்க.) உள்ள பார்த்தா:

முதல் நாள்: லா பாஸ் வந்து இறங்குதல். மாலை நகர உலா.
இரண்டாம் நாள்: உயுனி உப்பு வெளி.
மூன்றாம் நாள்: எரிமலை, வெந்நீர் ஊற்று, ஏரிகள்.

படிக்க நல்லாத்தான் இருந்துச்சு. நானும் அதையே அப்படியே எக்செல்ல போட்டு, கலர் எல்லாம் அடிச்சு, தங்கமணிகிட்ட காட்டினேன். அவங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க.

"லே."

அவ்வளவுதான். எனக்கு வேர்த்துடுச்சு.

விஷயம் இதுதான். சில வருஷத்துக்கு முன்னாடி லடாக் போனோம். லே ஊர் 3,500 மீட்டர் உயரம். ஹோட்டல்காரர் நல்ல மனுஷன், "இன்னைக்கு பூரா படுத்து தூங்குங்க சார்"னு கெஞ்சினார். நான் கேப்பேனா? காசு குடுத்து தூங்கவா வந்தேன்னு, இறங்கின அன்னைக்கு சாயங்காலமே சாந்தி ஸ்தூபி படிக்கட்டுல ஏற ஆரம்பிச்சேன். பாதி கூட வரல. யாரோ என் மண்டையை உரல்ல போட்டு நிதானமா இடிக்கற மாதிரி வலி. அப்படியே படியில உக்காந்துட்டேன். என்னைத் தாண்டி ஒரு பாட்டி, கையில ஜெபமாலையை உருட்டிக்கிட்டே மேல போனாங்க. போற போக்குல என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அந்த சிரிப்பு இன்னும் மறக்கல.

ராத்திரி பூரா வாந்தி. மறுநாளும் ரூம்லதான். ஆக மொத்தம், தூங்கச் சொன்ன ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் போய் ரெண்டு நாளைத் தொலைச்சேன்.

இப்ப பொலிவியா கணக்கைப் பாருங்க. லா பாஸ் நகரம் சுமார் 3,640 மீட்டர். லேவை விட உயரம். அதுக்கான விமான நிலையம் பக்கத்துல மேட்டுல எல் ஆல்ட்டோங்கற ஊர்ல இருக்கு. அது 4,060 மீட்டர்! விமானம் மேலேர்ந்து கீழ இறங்கும்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். இங்க விமானம் நின்ன இடமே ஒரு மலை உச்சி. அந்த பிடிஎஃப் மூணாம் நாள் கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன வெந்நீர் ஊற்று 4,800 மீட்டருக்கும் மேல. அங்க காத்துல ஆக்சிஜன், கடல் மட்டத்துல கிடைக்கறதுல பாதியைவிடக் கொஞ்சம்தான் கூட.

அந்த ராத்திரி எக்செல்ல ஒரு புது காலம் (column) சேர்த்தேன். தலைப்பு: "உயரம்".

இந்தப் பதிவுல நான் உருப்படியா சொல்ல வர்ற விஷயம் இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் கதை. பொலிவியாவுக்கு தேதி வெச்சு ப்ளான் போடாதீங்க, மீட்டர் வெச்சு போடுங்க.

டாக்டர்கிட்ட கேட்டேன். 3,000 மீட்டருக்கு மேல போயிட்டா, படுக்கற இடத்தோட உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தாதீங்கன்னார். பகல்ல அதுக்கு மேல ஏறி இறங்கினாலும் பரவாயில்லையாம், தூங்கற இடம்தான் முக்கியமாம். மாத்திரையும் இருக்கு, ஆனா ஒவ்வாமை, மத்த மருந்து எல்லாம் பார்த்துட்டுதான் தருவாங்க. (மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்கி முழுங்காதீங்க.)

இந்தக் கணக்கோட மேப்பைத் திரும்பப் பார்த்தா, அந்த நாடு வேற மாதிரி தெரிஞ்சுது. கிழக்குப் பக்கம் அமேசான் பக்கத்து சமவெளி. மேற்குப் பக்கம் ஆண்டிஸ் மலை. நடுவுல சரிவு. யாரோ நமக்காகவே படிக்கட்டு கட்டி வெச்ச மாதிரி! ஆனா எல்லாரும் லிஃப்ட்ல மொட்டை மாடிக்குப் போய், அங்கேர்ந்து கீழ வர்றாங்க. நான் வாசல் வழியா போறதுன்னு முடிவு பண்ணேன்.

முதல் படி, சாண்டா குரூஸ். 400 மீட்டர் சொச்சம். நம்ம ஊர் மாதிரியே வேர்க்கும், புழுங்கும். விமானம் இறங்க வசதி.

ரெண்டாவது படி, சமாய்ப்பாட்டா. 1,650 மீட்டர் பக்கம், ஏற்காடு மாதிரி. ஊருக்குப் பக்கத்துல எல் ஃபுவெர்த்தேன்னு ஒரு முழு பாறையையே செதுக்கி வெச்சிருக்காங்க, இன்காக்களுக்கும் முந்தி ஆரம்பிச்ச வேலை. 1998ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்தது.

மூணாவது, சுக்ரே. 2,800 மீட்டர். சட்டப்படி பொலிவியாவோட தலைநகரம் இதுதான். (அரசாங்கம் உக்காந்திருக்கறது லா பாஸ்ல. குவிஸ்ல கேட்டா கவனமா இருங்க.) 1825 ஆகஸ்ட் 6ல சுதந்திரம் அறிவிச்ச கட்டடம் இங்கதான் இருக்கு. ஊருக்கு வெளிய ஒரு சிமெண்ட் குவாரி. அங்க சுண்ணாம்புக் கல்லை வெட்டிக்கிட்டே போனப்போ, செங்குத்துச் சுவர் பூரா டைனோசர் காலடித் தடம். 5,000க்கு மேல. டைனோசர் சுவர்ல ஏறலை, தரைதான் கோடிக்கணக்கான வருஷத்துல நிமிர்ந்துக்கிச்சு.

இங்கதான் என் 500 மீட்டர் கணக்கு உதைச்சுது. சுக்ரேக்கு அடுத்த படி உயுனி, 3,650. நடுவுல தங்கற மாதிரி வசதியான ஊர் இல்ல. வழியில வர்றது பொட்டோசி, அது 4,000க்கு மேல. அதனால ஒரு ஏற்பாடு. சுக்ரேல நாலு ராத்திரி நல்லா டேரா போட்டுட்டு, பொட்டோசியில சும்மா சில மணி நேரம் இறங்கிப் பார்த்துட்டு, தூங்கறதுக்கு உயுனி போயிடறது.

பொட்டோசியைப் பார்க்காம விட மனசு வரல. 1545ல அங்க ஒரு மலையில வெள்ளி கிடைச்சுது. அதுக்கப்புறம் ஸ்பெயின்காரங்க அந்த மலையைத் தின்ன கதை, நாணயம் அடிச்ச கட்டடம், சுரங்கத்துல செத்துப்போன எண்ணிக்கையில்லாத உள்ளூர் ஜனங்க... இன்னைக்கும் அந்த மலைக்குள்ள ஆளுங்க வேலை பார்க்கறாங்க. சுரங்கத்துக்குள்ள 'எல் தியோ'ன்னு கொம்பு வெச்ச ஒரு சாமி உக்காந்திருக்கார். சிகரெட்டும் சாராயமும் கோகா இலையும்தான் படையல். மேல சர்ச்சு, கீழ இவர். நம்ம ஊர் எல்லைச் சாமிங்க யாராவது பார்த்தா "வாப்பா பங்காளி"ன்னு பக்கத்துல உக்கார வெச்சுக்குவாங்க.

உயரத்தைப் பத்தி ஒரு கிளைக்கதை. (கால்பந்து பிடிக்காதவங்க அடுத்த பத்திக்குத் தாவிடுங்க.) 2007ல ஃபிஃபா 2,500 மீட்டருக்கு மேல சர்வதேச மேட்ச் கூடாதுன்னு தடை போட்டுச்சு. லா பாஸ்காரங்களுக்கு வந்துச்சே கோவம்! அப்ப அவங்களுக்கு ஆதரவா மரடோனாவே வந்து லா பாஸ் மைதானத்துல ஒரு காட்சிப் போட்டி ஆடினார். உயரமாவது ஒண்ணாவதுன்னு. தடையும் போச்சு. அப்புறம் 2009 ஏப்ரல் 1. அதே மைதானம். அர்ஜென்டினா பயிற்சியாளர் அதே மரடோனா. டீம்ல மெஸ்ஸி. ரிசல்ட்டு: பொலிவியா 6, அர்ஜென்டினா 1.

மெஸ்ஸிக்கே அந்த கதின்னா, ஓஎம்ஆர் ஆபீஸ்ல ரெண்டாவது மாடிக்கு லிஃப்ட்ல போற நான் எம்மாத்திரம்?

அடுத்தது டிக்கெட்டு.

சென்னையிலேர்ந்து பொலிவியாவுக்கு நேரா ஒண்ணும் கிடையாது. தேடின மூணாவது நாள் ஒரு டிக்கெட் சிக்குச்சு. மத்ததை விட ரொம்ப மலிவு. மயாமி வழியா. குதிச்சுட்டேன். பணம் கட்டற பக்கம் வரைக்கும் போயாச்சு. கார்டு எடுக்க உள்ள போனப்போ தங்கமணி கேட்டாங்க, "நமக்குத்தான் அமெரிக்க விசா இல்லையே?"

"நாம அங்க இறங்கலையே, விமானம்தானே மாறறோம்."

தப்பு! அமெரிக்காவுல விமானம் மாறறதுக்கு மட்டும்னாலும் நமக்கு விசா வேணும். ஏர்போர்ட்டுக்குள்ளயே இருந்துக்கறேன் சாமின்னாலும் விடமாட்டாங்க.

அடுத்த புத்திசாலித்தனம், சாவ் பாலோ வரைக்கும் ஒரு டிக்கெட், அங்கேர்ந்து தனியா ஒரு டிக்கெட். அதுலயும் ஒரு வில்லங்கம். தனித்தனி டிக்கெட்டுன்னா பெட்டியை நாமளே எடுத்து, வெளிய வந்து, திரும்ப போடற நிலைமை வரலாம். வெளிய வர்றதுன்னா பிரேசிலுக்குள்ள நுழையறதுன்னு அர்த்தம். அதுக்கு பிரேசில் விசா. கடைசியில துபாய், சாவ் பாலோ, சாண்டா குரூஸ்னு ஒரே டிக்கெட்டா, பெட்டி கடைசி ஊர்ல வர்ற மாதிரி எடுத்தேன். மலிவு டிக்கெட்ல மிச்சம் பிடிக்க நினைச்ச காசை விட, அதை நினைச்சு நான் குடிச்ச டீ செலவு ஜாஸ்தி.

(பொலிவியா விசா பத்தி இங்க எழுதமாட்டேன். விதி மாறிக்கிட்டே இருக்கு. தூதரகத்தையே கேளுங்க. எந்த பிளாக்கையும் நம்பாதீங்க, இதையும் சேர்த்து.)

மஞ்சள் காய்ச்சல் ஊசி. இதை மட்டும் கடைசி நிமிஷத்துக்கு வெச்சுக்காதீங்க. பொலிவியா அந்தக் காய்ச்சல் இருக்கற நாடுகள் பட்டியல்ல இருக்கு. அங்க போய்ட்டு திரும்பி வர்றப்போ நம்ம ஏர்போர்ட்ல அந்த மஞ்சள் அட்டையைக் கேப்பாங்க. இல்லேன்னா ஆறு நாள் வரைக்கும் தனிமையில வெச்சுடுவாங்க. ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுதான் அட்டை செல்லும். ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும். சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடறாங்க. முட்டை ஒத்துக்குமான்னு கேட்டாங்க. கோழிக் கருவுல வளர்க்கற மருந்தாம். "வெஜிடேரியனா சார்?"னு வரிசையில பின்னாடி நின்னவர் கேட்டார். அவர் கானாவுக்கு வேலைக்குப் போறாராம். "பொலிவியா எங்க இருக்கு?"ன்னார். சொன்னேன்.

"அங்க கடல் இருக்கா?"

அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட இதைச் சொல்லி சிரிச்சேன். அவர் சிரிக்கல. "நிஜமாவே அவங்களுக்கு கடல் இருந்ததே இல்லையா?"ன்னு கேட்டார்.

இருந்துச்சுப்பா. அதுதான் கதையே.

பொலிவியாவுக்கு பசிபிக் கடற்கரை இருந்துச்சு. அன்தோஃபகாஸ்தான்னு துறைமுகம். அந்தப் பக்கத்துல அட்டகாமா பாலைவனம். அங்க வெடியுப்பு. வயலுக்கு உரம், பீரங்கிக்கு மருந்து, ரெண்டுக்கும் ஆகும். தோண்டி எடுத்தது சிலிக்காரங்க கம்பெனி. 1878ல பொலிவியா ஒரு குவிண்டாலுக்கு 10 சென்டாவோ வரி போட்டுச்சு. பத்து காசுன்னு வெச்சுக்குங்களேன். கட்டமாட்டேன்னாங்க. 1879 பிப்ரவரியில சிலிப் படை துறைமுகத்துல இறங்கிடுச்சு. பெருவும் சண்டைக்குள்ள வந்துச்சு. முடிவுல பொலிவியா கையை விட்டுப் போனது மொத்தக் கடற்கரையும். 1904ல கையெழுத்துப் போட்டு எழுதியே குடுத்தாச்சு. துறைமுகத்தை உபயோகிச்சுக்கலாம், சொந்தம் கொண்டாட முடியாது.

அப்பா கொஞ்ச நேரம் பேசல. வாடகை வீட்டுக்காரன் நிலைமை, அவருக்குப் புரிஞ்சிருக்கும்.

"ஆனா இன்னும் கடற்படை வெச்சிருக்காங்கப்பா."

நிமிர்ந்து உக்காந்தார்.

"கடல் இல்லாம எதுக்கு கடற்படை?"

"ஏரியில, ஆத்துல ரோந்து போறாங்க. கடல் திரும்பி வர்றப்போ கப்பல் ஓட்டத் தெரியணுமில்ல?"

ஒவ்வொரு மார்ச் 23ம் அங்க கடல் தினம். ஊர்வலம், பேண்டு வாத்தியம், வெள்ளைச் சட்டை போட்ட மாலுமிங்க. 1879ல அதே தேதியில எதுவார்தோ அபரோவாங்கறவர் ஒரு பாலத்தைக் காத்து நின்னு செத்துப்போனார். சிப்பாய் கிடையாது அவர், ஊர்க்காரர். சரணடைன்னு கூப்பிட்டதுக்கு, "உன் பாட்டியைப் போய் சரணடையச் சொல்லு"ன்னாராம், கூட ஒரு கெட்ட வார்த்தையோட. அங்க பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கெல்லாம் இது மனப்பாடம். லா பாஸ்ல அவர் பேர்லயே ஒரு சதுக்கம், நடுவுல சிலை. கடல் தினம் அங்கதான்.

2013ல உலக நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. சிலி எங்ககூட உக்காந்து பேசவாவது சொல்லுங்கன்னு. 2018 அக்டோபர் 1ல தீர்ப்பு. 12க்கு 3. பேசியே ஆகணும்னு சிலிக்கு கட்டாயம் இல்லைன்னு சொல்லிட்டாங்க. அப்புறமும் மார்ச் 23ல பேண்டு வாசிக்கறாங்க.

"நீ எப்ப போற?"ன்னார் அப்பா.

"மே, ஜூன்னு நினைச்சேன். நமக்கு வெயில் காலம், அங்க குளிர்காலம், மழை இல்ல..."

"மார்ச் 23க்கு அங்க இரு."

அவ்வளவுதான். என்னவோ அவர் அனுப்பி வைக்கற மாதிரி தீர்ப்பு சொல்லிட்டு சீரியல் பார்க்கப் போயிட்டார்.

ஆனா பாருங்க, அது தற்செயலா சரியான யோசனை. உயுனி உப்பு வெளிக்கு ரெண்டு முகம் உண்டு. மே முதல் அக்டோபர் வரைக்கும் வறண்டு, தரை பூரா தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமா வெடிச்சு இருக்கும். ராத்திரியில மைனஸ் 10 எல்லாம் சர்வ சாதாரணம். டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் மழை. உப்பு மேல மெலிசா தண்ணி நிக்கும். அப்பதான் என் வால்பேப்பர்! கண்ணாடி! மழை ரொம்பப் பெஞ்சா ஜீப்பு உள்ள போகாது, நடுவுல கள்ளிச் செடித் தீவு ஒண்ணு இருக்கே, அங்க போக முடியாமப் போகலாம். மார்ச் கடைசி ரெண்டுக்கும் நடுவுல. துணிஞ்சுட்டோம்.

எவ்வளவு பெருசுன்னு கேட்டார் அப்பா. 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல. சென்னை மாநகராட்சியைப் போல 24 சென்னையை பக்கத்துப் பக்கத்துல பரப்பி, வீடு, ரோடு, மரம் எல்லாத்தையும் துடைச்சுட்டு, வெறும் உப்பைக் கொட்டின மாதிரி. அத்தனை பெரிய தரையில மேடு பள்ளம் ஒரு மீட்டர் அளவுக்குள்ளதான். அவ்வளவு சமம்ங்கறதால செயற்கைக்கோள்ல உயரம் அளக்கற கருவியை அங்க வெச்சுதான் சரி பார்க்கறாங்க. அடியில இருக்கற உப்புத் தண்ணியில லித்தியம். நம்ம மொபைல் பேட்டரி சமாச்சாரம். கடல் வத்தினது இல்ல, பழைய காலத்து ஏரிங்க வத்தினது.

"உப்பு மட்டும் இருக்கு, கடல் இல்ல"ன்னார் அப்பா, ஏதோ துக்க வீட்டுல பேசற குரல்ல.

அதுக்கு தெற்கால இருக்கற ஏரிகள், ஃபிளமிங்கோ எல்லாம் 4,000 மீட்டருக்கு மேல. எக்செல் காலம் சிவப்பாயிடுச்சு. விட்டுட்டேன். ஃபிளமிங்கோவை பழவேற்காட்டுல பார்த்துக்கலாம், பஸ்ஸே போகுது.

இனி சாப்பாடு. நான் முட்டை சாப்பிடுவேன், தங்கமணி அதுவும் கிடையாது.

ஸ்பானிஷ்ல "கார்னே இல்லாம"ன்னு சொல்லிப் பழகிக்கிட்டோம். கார்னேன்னா கறி. அப்புறம்தான் தெரிஞ்சுது, அங்க நிறைய பேருக்கு கார்னேன்னா மாட்டுக்கறி மட்டும்தான். "கார்னே இல்லாம"ன்னா கோழியை வெச்சு சந்தோஷமா கொண்டு வந்து குடுப்பாங்களாம். அதனால இப்ப தங்கமணி ஒரு பெரிய மந்திரமே வெச்சிருக்காங்க. கறி வேணாம், கோழி வேணாம், மீன் வேணாம், சூப்புல எலும்பும் வேணாம். காலையில காபி போடறப்போ ஜபம் மாதிரி சொல்றாங்க.

ஆனா உருளைக்கிழங்கு இருக்கு! அதோட பிறந்த வீடே அந்தப் பக்கத்து மலைதான். சூன்யோன்னு ஒண்ணு பண்றாங்க. மலையில குளிர்காலத்து ராத்திரி பனியில கிழங்கைப் பரப்பி உறைய விட்டு, பகல்ல காலால மிதிச்சு தண்ணியைப் பிழிஞ்சு, வெயில்ல காய வெச்சு எடுக்கறது. வருஷக்கணக்கா கெடாதாம். படிச்சுட்டு தங்கமணி, "அட, வத்தல்!"ன்னாங்க. நம்ம மொட்டை மாடி வேலைதான், கூட ஃப்ரீஸர் ஒண்ணு வானத்துல.

அடுத்தது யஹ்வா. லோகோட்டோன்னு ஒரு குண்டு மிளகாய், தக்காளி, ரெண்டையும் 'பத்தான்'ங்கற கல்லுல அரைக்கறாங்க. அந்தக் கல்லைப் பார்க்கணுமே! கீழ தட்டைக் கல்லு, மேல உருண்டைக் கல்லு. அம்மிக்கு தூரத்து சொந்தம். என்ன, குழவியை உருட்டாம தொட்டில் மாதிரி ஆட்டறாங்க. தக்காளிச் சட்னி இருக்கற ஊர்ல பிழைச்சுக்கலாம்னு எனக்கு தைரியம் வந்துடுச்சு.

(அரிசி, பருப்பு கொண்டு போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. லா பாஸ் உயரத்துல தண்ணி 87 டிகிரி பக்கத்துலயே கொதிச்சுடும். கொதிக்கும், ஆனா வேகாது. குக்கர் இல்லாம துவரம்பருப்பு எல்லாம் ஜென்மத்துக்கும் வேகாது.)

கோகா இலை பத்தி எல்லாரும் கண்ணடிச்சுக்கிட்டே கேக்கறாங்க. பொலிவியாவுல மெல்லறதும் டீ போட்டுக் குடிக்கறதும் சட்டப்படி சரி, தலைவலிக்கு கை மருந்து. ஆனா ஞாபகமாக் கூட ஒரு டீ பொட்டலத்தை பையில போட்டுக்கிட்டு வந்துடாதீங்க. நம்ம ஊர்ல அது போதைப்பொருள் கேஸ்.

மொழி. மூணு மாசமா மொபைல்ல ஸ்பானிஷ் படிக்கறேன். "ஆப்பிள் பையன் சாப்பிடறான்" லெவல்ல இருக்கேன். ஆனா ரெண்டே வார்த்தைதான் எனக்குத் தேவைன்னு இப்ப தோணுது. சந்தையில கடைக்கார அம்மாவை 'கசேரித்தா'ன்னு கூப்பிடறது. வாடிக்கை உறவு, நம்ம "என்ன அக்கா, எப்பவும் வாங்கறவன்தானே" மாதிரி. ரெண்டாவது வார்த்தை, 'யாப்பா'. அப்படின்னா என்னன்னு நினைக்கறீங்க?

கொசுறு!

ஆமாங்க. வாங்கினதுக்கு மேல கையில அள்ளிப் போடறது. அங்கேயும் கேட்டு வாங்கறாங்க. 16,000 கிலோமீட்டர் தாண்டி ஒரு ஊர்ல கொசுறுக்கு தனியா ஒரு வார்த்தை இருக்குன்னா, அது நம்ம ஜனம்தான்.

இன்னொண்ணும் இருக்கு. அங்க அய்மாரான்னு ஒரு மொழி. அதுல 'நய்ரா'ன்னா கண்ணு, முன்பக்கம், அதோட கடந்த காலம். 'கிபா'ன்னா முதுகுப்பக்கம், அதோட எதிர்காலம். நடந்தது கண்ணு முன்னாடி தெரியுது, நடக்கப்போறது முதுகுக்குப் பின்னாடி, தெரியாது. உலகத்துலயே அபூர்வமான மொழின்னு ஆராய்ச்சிக்காரங்க எழுதியிருக்காங்க. அதைப் படிச்சு நானும் ஆச்சரியப்பட்டு "என்ன ஒரு சிந்தனை!"ன்னு அப்பாகிட்ட சொன்னேன்.

"முன்னோர்னா யாரு?"ன்னார்.

"பழைய காலத்து..."

"முன்பு? பின்பு? 'பின்னால பார்த்துக்கலாம்'னு நீ தினம் சொல்றியே, அது எப்ப?"

வாயை மூடிக்கிட்டேன். (கை கால் காட்டிப் பேசறதுலயும் அவங்க அப்படியேதானாம், பழசைச் சொல்றப்போ கை முன்னாடி நீளுமாம். நாம அந்த அளவுக்குப் போறோமான்னு கல்யாண வீட்டுல பெரியவங்களைக் கவனிச்சுட்டு சொல்றேன்.)

கடைசியா, ப்ளானை உடைக்கற ஐட்டம். 'ப்ளோக்கேயோ'. சாலை மறியல். பொலிவியாவுல கோரிக்கை இருக்கறவங்க முதல்ல பண்றது ரோட்டை மறிக்கறது. ஒரு மணி நேரத்துல முடியலாம், வாரக்கணக்குலயும் போகலாம். எந்த ரோடு திறந்திருக்கு, எது மூடியிருக்குன்னு அவங்க நெடுஞ்சாலைத் துறையே தினமும் மேப் போடறாங்க. நான் இப்பவே காலையில காபியோட அதைத்தான் பார்க்கறேன். எந்த ரோட்டுல சிவப்புப் புள்ளின்னு பார்க்காம பல் தேய்க்கறதில்ல.

பணமும் அப்படித்தான். 2011லேர்ந்து ஒரு டாலருக்கு 6.96 பொலிவியானோன்னு ஆணி அடிச்ச மாதிரி வெச்சிருந்தாங்க. 2023ல டாலர் தட்டுப்பாடு வந்ததும் ஊருக்குள்ள ஒரு ரேட்டு, பேங்க்ல ஒரு ரேட்டுன்னு பிரிஞ்சுது. அதனால கிளம்பற வாரம் நிலவரம் பார்த்துட்டு, கிழியாத, மடியாத டாலர் நோட்டு கொஞ்சம் வெச்சுக்குங்க. அதோட மூணு நாள் சும்மா விடுங்க. என் எக்செல்ல அந்த மூணு வரிக்கு "மறியல்"னே பேர் வெச்சிருக்கேன். ஆபீஸ்ல 21 நாள் லீவு கேட்டப்போ மேனேஜர், "அதுல மூணு நாள் எதுக்கு?"ன்னார். "மறியல் சார்"னேன். அவர் வேற ஏதோ நினைச்சுக்கிட்டு உடனே கையெழுத்துப் போட்டுட்டார்.

ஆக இப்போதைய நிலவரம். சாண்டா குரூஸ், சமாய்ப்பாட்டா, சுக்ரே, எட்டிப் பார்க்க பொட்டோசி, உயுனி, மார்ச் 21க்குள்ள லா பாஸ். அங்க 2014லேர்ந்து கம்பியில தொங்கற கேபிள் கார்தான் ஊர் பஸ் மாதிரி, பத்து லைன் ஓடுது. 23ம் தேதி அபரோவா சதுக்கம். அப்புறம் டிட்டிகாக்கா ஏரி, 3,810 மீட்டர். போற வழியில தீக்கினாங்கற இடத்துல ஏரி குறுகும். பாலம் கிடையாது. பஸ்ஸை மரத் தெப்பத்துல ஏத்தி அக்கரைக்கு அனுப்பறாங்க. ஜனங்க இறங்கி தனிப் படகுல. அந்த ஊர்லதான் கடற்படைத் தளம்.

அப்பாவுக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. "பஸ்ஸு பரிசல்ல போகுதா!"ன்னு மூணு தடவை கேட்டார். வீடியோ எடுத்து அனுப்பணுமாம். மாலுமி யாராவது கண்ணுல பட்டா, திருவான்மியூர்லேர்ந்து ஒருத்தர் விசாரிச்சார்னு சொல்லணுமாம்.

நேத்து ராத்திரி எக்செல்லை பிரிண்ட் எடுத்து அவர்கிட்ட குடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு உயரக் காலத்தை மட்டும் மேலேர்ந்து கீழ விரல் வெச்சுப் படிச்சார். 400. 1,650. 2,800. 3,650. 3,640. 3,810. அப்புறம் முதல் வரிக்குத் திரும்பினார். புறப்படற ஊர், சென்னை. இன்டர்நெட்ல பார்த்து நான் 6 மீட்டர்னு போட்டிருந்தேன்.

பாக்கெட்லேர்ந்து பேனாவை எடுத்தார். 6ஐ அடிச்சுட்டு பக்கத்துல ஒரு பூஜ்யம் போட்டார்.

"நான் காலையில நிக்கற இடம் இதுதான். அலை வந்து கால்ல படும். நீ அங்கேர்ந்து போன் பண்ணா, இதுலேர்ந்து கணக்கு வெச்சுக்கோ."